எழுபத்தெட்டுச் சீட்டுகளை வரைந்த பமெலா கோல்மன் ஸ்மித்

ஓவியக் கலையின் வரலாற்றைப் புரட்டுகையில் ஒரு விந்தையை நாம் அடிக்கடி காண்கிறோம். நூதனசாலைச் சுவரொன்றில் ஒற்றைப் பிரதியாகத் தொங்கும் ஓவியத்தை வரைந்தவரின் பெயரைப் பள்ளி மாணவர் கூட அறிந்திருப்பர். கோடிக்கணக்கான கரங்களில் தவழும் படங்களை வரைந்தவரின் பெயரையோ எவரும் கேட்பதில்லை. தீப்பெட்டியின் மேலட்டைக்கும் நாட்காட்டிக்கும் பாடப்புத்தகத்துக்கும் படம் வரைந்தவர்கள் யாவரும் இவ்வாறு மறக்கப்பட்டவர்களே. அச்சு இயந்திரம் ஓவியத்தைப் பெருக்கியது. ஓவியரின் பெயரை அது பெருக்கவில்லை.

இத்தகையோருள் தலையாயவராக நாம் கருதுவது பமெலா கோல்மன் ஸ்மித் என்னும் அம்மையாரை. 1909ஆம் ஆண்டில் லண்டனில் அச்சாகி வெளிவந்த டாரோட் சீட்டுக் கட்டின் 78 படங்களையும் வரைந்தவர் இவரே. இன்று உலகில் டாரோட் என்ற சொல்லைக் கேட்டதும் எவர் மனதிலும் தோன்றும் படங்கள் இவருடைய தூரிகையிலிருந்து பிறந்தவையே. திரைப்படங்களிலும் புத்தக அட்டைகளிலும் ஆடைகளிலும் கூட இப்படங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஆயினும் நீண்டகாலமாக அந்தக் கட்டு அழைக்கப்பட்டு வந்ததோ பதிப்பாளரான ரைடரின் பெயராலும், படங்களை வரையச் செய்த வெயிட்டின் பெயராலுமே.

சீட்டைக் கொண்டு வருங்காலத்தை அறியலாமா என்ற விவாதத்துக்குள் நாம் புகப்போவதில்லை. குறி கேட்பதை விலக்கும் சமயத்தவர்களும், அதனை நம்பாத பகுத்தறிவாளர்களும் நம் வாசகர்களுள் நிறையவே உள்ளனர். நாம் இங்கு பேச முற்படுவது ஒரு கலைஞரின் வாழ்வையும், அவருடைய மூல ஓவியங்கள் அச்சுக்குச் சென்ற பின்னர் நிகழ்ந்ததையும் பற்றியே.

இந்தச் சீட்டுகளின் பூர்வீகம் ஐரோப்பா அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுச் சீட்டு 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் மம்லூக் சுல்தான்களின் ஆட்சிப் பரப்பிலிருந்தே ஐரோப்பாவை அடைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். மம்லூக் காலத்துச் சீட்டுக் கட்டொன்று இஸ்தான்புல் நகரின் தொப்காப்பி அரண்மனை நூதனசாலையில் இன்றும் பேணப்படுகின்றது. முழுமையாக இருந்த காலத்தில் அதில் 52 சீட்டுகள் இருந்தன. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள். அரசனையும் அவனது பிரதிநிதிகளான நாயிப்களையும் குறிக்கும் சீட்டுகளில் மனித உருவம் எதுவும் இல்லை. அழகிய அரபு எழுத்தணியும் கொடிக்கோலமுமே உள்ளன. ஸ்பானிய மொழியில் விளையாட்டுச் சீட்டுக்கு வழங்கும் நைப்பெஸ் என்ற சொல் நாயிப் என்ற அரபுச் சொல்லிலிருந்தே வந்ததென்பர். போலோ ஆட்டத்தை அறியாத ஐரோப்பியர் மட்டையை வெறும் கோலாக்கிவிட்டனர். நம்மவர்கள் முந்நூற்று நான்கு ஆடும் கடதாசிக் கட்டின் நான்கு இனங்களும் இதே வம்சவழியில் வந்தவையே.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்கள் இந்தச் சீட்டுகளுடன் மேலும் 22 படச் சீட்டுகளைச் சேர்த்து ஆடிய ஆட்டமே டாரோட் எனப்பட்டது. மிலான் கோமகன்களுக்காகப் பொன் தகடிட்டுக் கையால் தீட்டப்பட்ட சீட்டுகள் இன்றும் நியூயோர்க்கிலும் பெர்காமோவிலும் உள்ளன. அக்காலத்தில் அது வெறும் ஆட்டமே. 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின் அதனைப் பண்டைய எகிப்தின் ஞான ஏடு என்று எழுதிய பின்னரே குறி சொல்லும் வழக்கம் அதன்மேல் ஏறிக்கொண்டது. அவர் அவ்வாறு எழுதியதற்கு எவ்வித சான்றும் இருக்கவில்லை என்பது வேறு விடயம்.

பமெலா 1878ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆம் திகதி லண்டன் நகரின் பிம்லிக்கோ பகுதியில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள்; தந்தையார் சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்மித் புரூக்ளினைச் சேர்ந்த வணிகர். தந்தைவழிப் பாட்டனார் ஒரு காலத்தில் புரூக்ளின் நகரின் மேயராக இருந்தவர். தாய்மாமன் சாமுவேல் கோல்மன் பெயர் பெற்ற இயற்கைக் காட்சி ஓவியர். பமெலா அவர்களுக்கு ஒரே பிள்ளை. முதற் பத்தாண்டுகள் மன்செஸ்டரில் கழிந்தன. 1889இல் தந்தையாருக்கு ஜமெய்க்காவில் ரயில் பாதை அமைப்பில் ஈடுபட்டிருந்த கம்பனியொன்றில் வேலை கிடைக்கவே குடும்பம் கிங்ஸ்டன் நகருக்குப் பெயர்ந்தது.

அந்தத் தீவில் கழித்த ஆண்டுகள் பமெலாவின் கற்பனையில் ஆழப் பதிந்தன. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தம்முடன் சுமந்து வந்த அனான்சி என்னும் தந்திரச் சிலந்தியின் கதைகளை அவர் ஜமெய்க்க மக்களின் வாய்மொழியாகவே கேட்டுப் பழகினார். பின்னாளில் அவற்றைத் திரட்டித் தாமே படமும் வரைந்து 1899இல் நியூயோர்க்கில் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. ஜமெய்க்காவின் பேச்சு வழக்கை மாற்றாமல் எழுதியது அந்நூலின் சிறப்பு. ஒரு குடியேற்ற நாட்டு மக்களின் கதைகளை அவர்களுடைய நாவின் ஓசையோடே அச்சில் ஏற்றத் துணிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

1893இல், 15 வயதில், புரூக்ளினின் பிராட் கலை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் ஆர்தர் வெஸ்லி டௌ. ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் தோய்ந்தவரான டௌ, கண்ட பொருளை அப்படியே பிரதி செய்வதை விடுத்து, கோடு, வர்ணம், வெளிச்சமும் இருளும் என்ற மூன்றின் ஒத்திசைவைக் கற்பித்தார். அழுத்தமான புறக்கோடு, அதனுள் நிழலில்லாத தட்டையான வர்ணம், நிரப்பப்படாத வெளி ஆகியவை ஜப்பானிய அச்சோவியத்தின் இலக்கணங்கள். பமெலாவின் கையில் இவ்விலக்கணம் படிந்துவிட்டதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான அச்சு இயந்திரத்தில் சிக்கியும் அவருடைய படங்கள் சிதையாமல் தப்பியதற்கு அதுவே காரணம் என்பது எமது கருத்து.

1896இல் தாயார் மறைந்தார். மறு ஆண்டு பமெலா பட்டம் பெறாமலே நிறுவனத்தை விட்டு விலகினார். 1899இன் இறுதியில் தந்தையாரும் மறைந்தார். இருபத்தொரு வயதில் பெற்றோரின்றி, சொத்துமின்றி, தூரிகை ஒன்றையே நம்பி அவர் இங்கிலாந்து திரும்பினார். அவருக்கு ஆதரவளித்தது ஒரு நாடகக் குழு. லண்டன் லைசியம் அரங்கின் புகழ்பெற்ற நடிகை எலன் டெரியும், நடிகர் ஹென்றி இர்விங்கும், அங்கு நிர்வாகியாயிருந்த, டிராகுலா கதையை எழுதிய பிராம் ஸ்டோக்கரும் இவரைத் தம் வட்டத்தில் ஒருவராக ஏற்றனர். குழுவுடன் ஊர் ஊராகப் பயணம் செய்தார். ஆடை அலங்காரத்திலும் அரங்க அமைப்பிலும் பங்கேற்றார். எலன் டெரி இவருக்கு வைத்த செல்லப் பெயர் பிக்ஸி. குறும்புக்காரக் குட்டித் தேவதை என்று நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

லண்டனில் அவர் செய்யாத தொழில் இல்லை எனலாம். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் சகோதரரான ஜக் யேட்ஸுடன் சேர்ந்து படத்தாள் ஒன்றை வெளியிட்டார். பின்னர் 1903இல் 'பசுங்கதிர்க்கட்டு' என்று பொருள்படும் பெயரில் தமது சொந்தச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் படங்களுக்குக் கையாலேயே வர்ணம் தீட்டப்பட்டது. பதின்மூன்று இதழ்களுடன் அது நின்றுபோயிற்று. சிற்றிதழ் நடத்திக் கைப்பொருளை இழந்த நமது இலக்கியகாரர் எவருக்கும் இந்தக் கதை புதிதாயிராது. செல்வந்தர்களின் வரவேற்பறைகளில் ஜமெய்க்க உடை தரித்து, தரையில் மெழுகுதிரிகளை ஏற்றி, சிறு மரப் பொம்மைகளை நகர்த்தி அனான்சிக் கதைகளைச் சொல்லிக் காட்டியும் அவர் பொருளீட்டினார்.

இக்காலத்திலேயே இசையைக் கேட்கும்போது தம் கண்முன் தோன்றும் காட்சிகளை அவர் வரையத் தொடங்கினார். பீத்தோவன், பாக், டெபுசி ஆகியோரின் இசை ஒலிக்க ஒலிக்கக் கை தானாக ஓடும். அலைகளும் மலைகளும் நெடிதுயர்ந்த பெண்களும் தாளில் எழுவர். 1907 ஜனவரியில் நியூயோர்க்கின் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தமது சிறிய காட்சிக்கூடத்தில் பமெலாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை புகைப்படங்களுக்கு மட்டுமே இடமளித்து வந்த அக்கூடத்தில் வைக்கப்பட்ட முதலாவது ஓவியக் காட்சி அதுவே. பின்னர் ரோடினும் மத்தீஸும் பிக்காசோவும் அமெரிக்காவுக்கு அறிமுகமானது இதே கூடத்தின் வழியாகத்தான். ஆனால் அந்தக் கதவை முதலில் திறந்து நுழைந்தவர் பமெலா. இந்த ஸ்டீக்லிட்ஸ் நமக்கும் முற்றிலும் அந்நியரல்லர். பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றிய நமது ஆனந்த குமாரசுவாமி 1924இல் அவருடைய புகைப்படங்களை அந்நூதனசாலையின் சேகரிப்பில் இடம்பெறச் செய்தவர்.

இனி சீட்டுக் கட்டின் கதைக்கு வருவோம். 1901ஆம் ஆண்டளவில் பமெலா, 'கோல்டன் டோன்' என்ற பெயருடைய மறைஞானச் சங்கத்தில் சேர்ந்தார். யேட்ஸ் அதன் முக்கிய அங்கத்தவர். அங்கு அவர் சந்தித்தவரே ஆர்தர் எட்வேர்ட் வெயிட். 1857இல் புரூக்ளினில் பிறந்து லண்டனில் வளர்ந்த வெயிட், மறைஞான நூல்களை ஓயாது எழுதியும் மொழிபெயர்த்தும் வந்தவர். தாம் சரியென எண்ணிய குறியீடுகளுடன் புதிய டாரோட் கட்டொன்றை வெளியிட விரும்பிய அவர், அதற்கு ஓவியராகப் பமெலாவைத் தெரிந்தெடுத்தார். வில்லியம் ரைடர் அன்ட் சன் என்ற பதிப்பகம் அச்சிட முன்வந்தது.

1909ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஆறு மாத காலத்துள் பமெலா வேலையை முடித்தார். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு நாட்களுக்குச் சற்று மேலான நேரமே ஒரு படத்துக்குக் கிடைத்திருக்கும். 22 பெருஞ்சீட்டுகளுக்கு வெயிட் விரிவான அறிவுறுத்தல்களைக் கொடுத்திருக்க வேண்டும். பெண் குரு, மூடன், தலைகீழாகத் தொங்குபவன் ஆகிய மூன்று சீட்டுகளையிட்டுத் தாம் ஓவியருக்கு ஒவ்வொன்றையும் ஊட்ட வேண்டியிருந்ததாக அவர் 1938இல் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். இதனை ஓவியர்பால் சற்று இளக்காரமான கூற்றாகவே நாம் காண்கிறோம். எனினும் அக்கூற்றே வேறொன்றையும் உணர்த்தாமலில்லை. மூன்றைச் சொன்னவர் ஏனையவற்றைச் சொல்லவில்லை. அந்த ஏனையவற்றுள்தான் கட்டின் பெருமை உள்ளது.

அதுவரை வெளிவந்த டாரோட் கட்டுகளில் 22 படச் சீட்டுகளும் அரசன், அரசி முதலிய சீட்டுகளும் மட்டுமே உருவங்களைக் கொண்டிருந்தன. எஞ்சிய நாற்பதிலும் நம் கடதாசிக் கட்டில் உள்ளது போல் ஐந்து கிண்ணம், ஏழு வாள் என எண்ணிக்கையே வரையப்பட்டிருக்கும். பமெலா அந்த நாற்பதையும் நாற்பது நாடகக் காட்சிகளாக மாற்றினார். ஐந்து கிண்ணச் சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களைப் பார்த்தபடி நிற்கிறார். பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டையும் அவர் காணவில்லை. ஐந்து நாணயச் சீட்டில் வறியவர் இருவர் பனியில் நொண்டி நடக்கின்றனர். அவர்களுக்கு மேலே தேவாலயத்தின் வர்ணக் கண்ணாடிச் சாளரம் ஒளிர்கிறது. ஒன்பது வாள் சீட்டில் ஒருவர் நள்ளிரவில் படுக்கையில் எழுந்திருந்து முகத்தைக் கைகளில் புதைத்துள்ளார். இவற்றைப் புரிந்துகொள்ள மறைஞானம் எதுவும் தேவையில்லை. துக்கத்தையும் வறுமையையும் உறக்கமின்மையையும் அறிந்த எவருக்கும் இவை பேசும்.

இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட சோலா புஸ்கா என்ற பழைய கட்டொன்றில் மாத்திரம் எண் சீட்டுகளுக்கும் உருவங்கள் இருந்தன. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரித்தானிய நூதனசாலையை வந்தடைந்திருந்தன. மூன்று வாள்கள் ஊடுருவிய இதயம் அக்கட்டிலும் உண்டு, பமெலாவின் கட்டிலும் உண்டு. அவர் அப்புகைப்படங்களைக் கண்டிருக்க வேண்டும் என ஆய்வாளர் கொள்வது நியாயமே. ஆயினும் சில சீட்டுகளுக்கே இந்த ஒற்றுமை பொருந்தும். பிறவற்றுக்கு மூலம் லைசியம் அரங்கே என்று நாம் துணிந்து கூறலாம். பல சீட்டுகளில் மனிதர்களின் காலடியில் ஒரு நேர்கோடும் அதற்கப்பால் திரைச்சீலையில் எழுதியது போன்ற மலையும் கோட்டையும் காணப்படுகின்றன. அது மேடையின் தளமன்றி வேறல்ல. 1908இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் கலை மாணவர்களுக்காக எழுதிய கட்டுரையில் அவர், நாடக அரங்குக்குச் சென்று மனிதர் நிற்பதையும் நடப்பதையும் கை அசைப்பதையும் கவனிக்குமாறு வற்புறுத்தியிருந்தார். தாம் சொன்னதைத் தாமே செய்து காட்டினார்.

1909ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி அவர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதமொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. மிகச் சொற்பமான பணத்துக்குப் பெரியதொரு வேலையைச் செய்து முடித்துள்ளதாகவும், மொத்தம் 80 வரைவுகள் எனவும் அதில் தெரிவிக்கிறார். கட்டு தயாரானதும் ஒரு பிரதி அனுப்புவதாகவும், அது கல்லச்சில் வர்ணமாக அச்சிடப்படுகிறதென்றும், பெரும்பாலும் மிக மோசமாகவே அமையுமென்றும் சலித்துக்கொள்கிறார். மூல ஓவியங்கள் சிலவற்றையும் அனுப்புவதாகவும், எவருக்கேனும் பிடிக்கக்கூடும் என்றும் அதில் எழுதியுள்ளார். அந்த மாபெரும் படைப்பைப் பற்றி அவர் கைப்படக் கிடைத்துள்ள வார்த்தைகள் ஏறக்குறைய இவ்வளவுதான். பெருமிதமில்லை, மறைஞானமில்லை, கூலி குறைவு, அச்சு கெட்டுவிடும் என்ற ஒரு தொழிலாளியின் கவலையே தொனிக்கிறது.

அச்சு பற்றிய அவருடைய ஐயம் ஆதாரமற்றதன்று. வர்ணக் கல்லச்சின் செய்முறையை அறிந்தவர் அதனை உணர்வர். எண்ணெய்ப் பசையுள்ள மையால் வழவழப்பான கல்லின் மீது வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும்; நனைந்த இடம் மையைத் தள்ளும். நீரும் எண்ணெயும் சேரா என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. வர்ணப் படமாயின் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல் அல்லது தகடு வேண்டும். ஓவியத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, நீலம் எவ்வளவு எனக் கண்ணாலேயே பிரித்து ஒவ்வொரு கல்லிலும் வரைபவர் ஓவியரல்லர், அச்சகத்துக் கைவினைஞர். ஒரே தாள் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு முறை இயந்திரத்துக்குள் சென்று வரும். தாள் மயிரிழை விலகினாலும் உதட்டின் சிவப்புக் கன்னத்தில் விழும். நீர்வர்ணத்தின் மெல்லிய ஏற்றத் தாழ்வுகள் இவ்வழியில் கரைந்து போவதும் தவிர்க்க முடியாதது. சஞ்சிகைப் படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டியவருக்கு இவையெல்லாம் நன்கு தெரியும்.

ஆகவேதான் அவருடைய அழுத்தமான கறுப்புக் கோடு முக்கியம் பெறுகின்றது. வர்ணம் பிசகினாலும் கோடு படத்தைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு சீட்டின் மூலையிலும், பாம்பு போல் நெளியும் தமது பெயரின் முதலெழுத்துகளையும் அவர் பொறித்து வைத்தார். அந்த முத்திரை இல்லாதிருந்தால் அவருடைய பெயர் இன்னும் ஆழப் புதைந்து போயிருக்கும்.

கட்டு 1909 டிசெம்பரில் வெளிவந்தது. முதல் அச்சில் சீட்டின் பின்புறத்தில் ரோஜாவும் லில்லியும் இருந்தன. அட்டை மெலிதாயிருந்தமையால் 1910இல் தரமான அட்டையில், வறண்டு வெடித்த சேற்று நிலம் போன்ற பின்புறக் கோலத்துடன் மீண்டும் அச்சிட்டனர். பிற்காலத்தில் மேலும் சில முறை படங்கள் அச்சுக்காகப் புதிதாக வரையப்பட்டன. சூரியச் சீட்டின் முகத்தில் உள்ள சிறு கோட்டையும் நிழற் புள்ளிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து இது எந்த அச்சு என்று தரம் பிரிக்கும் சேகரிப்பாளர்கள் இன்று உள்ளனர். அவர்கள் அவ்வச்சுகளுக்கு ஓவியரின் பெயரைச் சுருக்கி 'பம்' என்றே பெயரிட்டுள்ளனர்.

மூல ஓவியங்களுக்கு என்ன நேர்ந்தது? 78இல் ஒன்று கூட இன்று எந்த நூதனசாலையிலும் இல்லை. இவ்விடத்தில் நமது அனுபவத்தையும் சொல்லத் தோன்றுகிறது. நாம் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் வாரமலர்ச் சிறுகதைகளுக்கு ஓவியர்கள் இந்தியன் இங்க் கொண்டு வரைந்த படங்கள் அச்சுக்கூடத்துக்குப் போகும். ஞாயிறன்று பத்திரிகையில் வரும். திங்களன்று மூலப்படம் எங்கே என்று எவரும் தேடியதில்லை. சில வேளைகளில் அதன் பின்பக்கத்தில் யாரோ காகிதக் கணக்கு எழுதியிருப்பதைக் கண்டுள்ளோம். வரைந்தவரும் கேட்டதில்லை, வாங்கிய நாமும் திருப்பிக் கொடுக்க எண்ணியதில்லை. அச்சாகிவிட்டால் படம் பிறந்துவிட்டது என்பதே அன்றைய மனப்பாங்கு. 1909இல் லண்டனிலும் வேறு விதமாக இருந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை.

இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. ஃபிரீடா ஹாரிஸ் என்ற மற்றோர் ஆங்கில அம்மையார் அலைஸ்டர் குரோலி என்பவருக்காக 1938 முதல் 1943 வரை ஐந்தாண்டுகள் உழைத்து ஒரு டாரோட் கட்டுக்கான ஓவியங்களைத் தீட்டினார். அவை முழு வர்ணச் சீட்டுக் கட்டாக அச்சானது 1969இல். குரோலி 1947இலும், ஓவியர் 1962இல் காஷ்மீரின் ஸ்ரீநகரிலும் காலமாகிவிட்டனர். அந்த மூல ஓவியங்கள் லண்டன் வார்பர்க் நிறுவனத்தில் பத்திரமாக உள்ளன. ஒருவருக்கு ஓவியம் எஞ்சியது, அச்சைக் காணக் கிட்டவில்லை. மற்றவர் அச்சைக் கண்டார், ஓவியம் எஞ்சவில்லை.

பமெலாவுக்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலி மட்டுமே. விற்பனையில் பங்கு இல்லை. இங்கு நாம் நியாயமாகவும் பேச வேண்டும். அவர் வாழ்ந்த காலத்தில் அக்கட்டு பெருவாரியாக விற்றதில்லை. மறைஞான ஆர்வலரின் சிறு வட்டத்துக்குள்ளேயே அது புழங்கிற்று. பங்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் அவர் செல்வந்தராகியிருக்க மாட்டார். ஆனால் ஒரு படைப்பின் எதிர்காலப் பெறுமதியை விற்கும் நாளில் எவரும் அறிய முடியாது என்பதனாற்றான் ஆசிரியர் உரிமை என்ற ஒன்று வேண்டப்படுகிறது. 1918இல் சிக்காகோவைச் சேர்ந்த டி லாரன்ஸ் என்ற பதிப்பாளர், வெயிட்டின் டாரோட் நூலைப் பமெலாவின் படங்களுடன் தமது சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். கூலி கொடுத்தவருக்கும் அதே கதி நேர்ந்தது.

1911இல் பமெலா கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மறைஞானச் சங்கத்தின் நாட்கள் அத்துடன் பின்தள்ளிப் போயின. அதே ஆண்டு பிராம் ஸ்டோக்கரின் நாவலொன்றுக்கும், 1913இல் எலன் டெரி எழுதிய ரஷ்ய பலே நடனம் பற்றிய நூலுக்கும் படம் வரைந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கோரிய கலைஞர்களின் அமைப்புடன் சேர்ந்து சுவரொட்டிகளும் தயாரித்தார். ஆனால் உலகப் போரின் பின்னர் ஓவிய உலகின் சுவை மாறிவிட்டது. இவருடைய நீலக் கனவுகளை வாங்குவோர் அருகினர்.

உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சிறு சொத்தைக் கொண்டு அவர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கோர்ன்வோலில், லிசார்ட் என்ற கடலோரப் பகுதியில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கிருந்த சிறு தேவாலயத்தைப் பராமரித்ததோடு, விடுமுறைக்கு வரும் குருமாருக்குத் தங்குமிடம் அளித்து வாழ்ந்தார். நோரா லேக் என்ற அம்மையார் அவருக்கு நீண்டகாலத் துணையாயிருந்தார். வருமானம் போதவில்லை. பின்னர் இருவரும் அதே மாவட்டத்தின் பியூட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். ஓவியங்களையும் கதைகளையும் வெளியிட அவர் முயலாமலில்லை, ஏற்போர்தான் இல்லை.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1971இல், நியூயோர்க்கின் யூ.எஸ். கேம்ஸ் நிறுவனம் உரிமை பெற்று அக்கட்டை மீண்டும் அச்சிட்டது. அமெரிக்க இளைஞர் கிழக்கத்தேய ஞானத்தையும் மறைபொருளையும் தேடியலைந்த காலம் அது. விற்பனை பெருகிற்று. இதுவரை விற்றவை பல கோடிப் பிரதிகள் எனக் கணக்கிடப்படுகின்றது. புதிதாக டாரோட் கட்டு வரைவோர் பெரும்பாலும் பமெலாவின் காட்சிகளைத் திருப்பி வரைபவர்களே. 2018இல் அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் பற்றிய விரிவான நூலை அதே நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டு பிராட் நிறுவனம் பட்டம் பெறாமற் சென்ற தன் மாணவிக்காகக் கண்காட்சியொன்றை நடத்தியது. நியூயோர்க்கின் விட்னி நூதனசாலையில் அவருடைய 1903ஆம் ஆண்டு நீர்வர்ண ஓவியமொன்று உள்ளது. ஆய்வாளரும் ஆர்வலரும் இப்போது கட்டின் பெயரோடு ஸ்மித் என்பதையும் சேர்த்தே எழுதி வருகின்றனர்.

பிரித்தானியச் சட்டப்படி படைப்பாளி இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். எனவே 2021ஆம் ஆண்டின் இறுதியுடன் அங்கு அப்படங்களின் உரிமை காலாவதியாயிற்று. அந்த எழுபது ஆண்டுகளைக் கணக்கிடுவதற்கு அளவுகோலாயிருந்தது ஓவியரின் மரணத் திகதி என்பது ஒரு முரண். அவர் வாழ்ந்தபோது அவ்வுரிமையால் அவருக்குச் சல்லிக் காசும் வந்ததில்லை.

1951ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி பமெலா கோல்மன் ஸ்மித் தமது 73ஆவது வயதில் பியூட் நகரில் காலமானார். உடைமைகள் யாவற்றையும் நோரா லேக்குக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் கடன் அதிகமாயிருந்தபடியால் வீட்டுப் பொருட்களும் எஞ்சியிருந்த ஓவியங்களும் ஏலத்தில் விடப்பட்டன. ஏலப் பணம் கடன்காரரைச் சேர்ந்தது. துணைவியாருக்கு எதுவும் மிஞ்சவில்லை. பெயர் பொறித்த கல் எதுவும் அவருடைய புதைகுழிக்கு நாட்டப்படவில்லை.